கைப்பிடி போன தோசைக்கல்: ஏழரை வருஷம் புழங்கிய பிறகு

போன வாரம் அக்கா மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். புதுக்குடித்தனம் வைத்திருக்கிறாள். "பாத்திரத்துக்கெல்லாம் ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு சித்தி, வாங்க வேண்டியதை இப்பவே வாங்கிடலாம்னு பார்க்கறேன். நம்ம ஊர்ல செஞ்சதாவே வேணும். எது உழைக்கும்?" என்று கேட்டாள். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகியிருப்பது உண்மைதான். அவள் கேட்ட நேரத்தில் என் மடியில் பழைய நியூஸ் பேப்பர், அதன்மேல் என் தோசைக்கல். உடைந்த கைப்பிடியின் அடிக்கட்டையை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவளுக்குச் சொன்ன பதிலில் பாதிக்கு மேல் அந்தக் கல்லைப் பற்றியே போய்விட்டது. இங்கேயும் அப்படித்தான் ஆகும்.

2018 ஆரம்பத்தில் வாங்கிய வார்ப்பிரும்புக் கல். 28 சென்டிமீட்டர் அகலம், எங்கள் வீட்டுத் தராசில் 2 கிலோ 600 கிராம். விலை 1,150 ரூபாய். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஃபவுண்டரியில் வார்த்தது. பம்பு, மோட்டார் உதிரி வார்த்துப் பழகிய கைகள் அங்கே நிறைய இருப்பதால் வார்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிப்பக்கம் தடவினால் மணல் அச்சின் சொரசொரப்பு இன்னும் விரலுக்குத் தெரியும். மேல்பக்கம் மட்டமாகக் கடைந்திருக்கிறார்கள். நடுவில் குழி கிடையாது, அடுப்பில் ஆடாது. விட்ட எண்ணெய் நடுவில் போய்த் தேங்காது.

அட்டைப்பெட்டியில் 'பழக்கியது, உடனே பயன்படுத்தலாம்' என்று போட்டிருந்ததை நம்பி முதல் நாளே மாவை ஊற்றினேன். நாலு தோசையும் கல்லோடு போயின. அப்புறம் அம்மா சொன்னபடி செய்தேன். கழுவி, சிறு தீயில் ஈரம் போகக் காய்ச்சி, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு மெலிசாகத் துடைத்து, புகை வரும்வரை சூடேற்றி ஆறவிடுவது. தினம் ராத்திரி ஒரு தடவை. சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய கருப்புப் படலமாக மாறுகிறது. அந்தப் படலம்தான் தோசையை விடுவிக்கிறது. எண்ணெயைத் தாராளமாக விட்டால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். ஒரு வாரம் கழித்து அரை வெங்காயத்தைத் தேய்த்து ஊற்றிய தோசை தானாக ஓரம் தூக்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து இன்றுவரை எனக்கு நான்ஸ்டிக் கல்லின் நினைப்பே வரவில்லை.

காய ஆறேழு நிமிஷம் எடுக்கும். பள்ளிக்கூட அவசரத்தில் அது எரிச்சல்தான். ஆனால் காய்ந்துவிட்டால் குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கல் சூடு இறங்காது. பத்தாவது தோசையும் முதல் தோசை மாதிரியே சிவக்கும். அடுப்பை அணைத்த பிறகும் ஒரு ஊத்தப்பம் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

இவ்வளவு நல்ல இரும்பில் அந்தக் கைப்பிடியை எதற்கு வைத்தார்கள்?

ஒரு சாண் நீளம். கல்லோடு சேர்த்தே வார்த்த இரும்புக் கைப்பிடி. சின்ன பர்னரில் வைத்தால் கல் அந்தப் பக்கம் சாயும். பெரிய பர்னரில் வைத்து உள்பக்கம் திருப்பினால் கைப்பிடி பக்கத்து அடுப்பின் தீக்கு மேலே போய் நிற்கும். வெளிப்பக்கம் திருப்பினால் மேடையைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுவும் கல்லைப் போலவே கொதிக்கும், துணியில்லாமல் தொட முடியாது. துணி பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்றால் கைப்பிடி செய்கிற வேலைதான் என்ன? 2 கிலோ 600 கிராமை ஒற்றைக் கையால் அந்த நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும்.

ஆம்லெட்டைக் குலுக்கிப் புரட்டித் தட்டில் சரிக்கிற ஊர்களில் நீளக் கைப்பிடிக்கு வேலை இருக்கிறது. நாம் தோசையைத் திருப்பியால் எடுக்கிறோம். கல்லைத் தூக்கிக் கவிழ்த்துப் பரிமாறுகிற வழக்கம் நமக்குக் கிடையாது. ஏற்றினால் இறக்குகிறவரை அது அடுப்பிலேயே கிடக்கிற சாமான். நம்ம ஊர் மணலில், நம்ம ஊர் ஆட்கள், நம்ம ஊர் தோசைக்காக வார்க்கிற கல்லுக்கு வேறு யாருடைய சமையலறையையோ பார்த்து அச்சு எடுத்திருக்கிறார்கள். ஆறு வருஷம் தினமும் காலையில் இதை நினைத்துக்கொண்டேதான் தோசை ஊற்றினேன்.

2024 அக்டோபரில் அது நடந்தது. இட்லிப் பானையை இறக்கிக்கொண்டு திரும்பினேன். வெளியே நீட்டியிருந்த கைப்பிடி முழங்கையில் பட்டது. கல் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கியது. கைப்பிடி நுனி முதலில் கிரானைட் தரையில் மோதி, கல்லிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி முறிந்தது. என் மகன் ஓர் எட்டு தள்ளி உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அவன் மேல் விழவில்லை. அன்று காலை எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது.

முறிந்த இடம் பென்சில் முனை மாதிரி சாம்பல் நிறத்தில், பொடிப்பொடியாக இருந்தது. வார்ப்பிரும்பில் கரி அதிகம், 2 முதல் 4 சதவீதம் வரை. அது உள்ளே மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கும். அதனால்தான் தகட்டிரும்புக் கல் விழுந்தால் வளைகிறது, வார்ப்பிரும்பு உடைகிறது. இது இரும்பின் குணம், அதற்காகக் கம்பெனியைத் திட்ட முடியாது. கூப்பிட்டபோது, விழுந்து உடைந்தால் கேரண்டி கிடையாது என்றார்கள். நியாயம், ஒத்துக்கொண்டேன். கைப்பிடியை ஏன் இவ்வளவு நீளமாக வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "கஸ்டமர்ஸ் அப்படித்தான் விரும்பறாங்க மேடம்" என்று பதில் வந்தது. உடையக்கூடிய இரும்பில் நீட்டிக்கொண்டு நிற்கிற உறுப்பை வைப்பது வடிவத்தின் தப்பு. அது இரும்பின் குணத்தில் சேராது.

சரி, ஒட்டலாம் என்று போனால் இரண்டு வெல்டிங் பட்டறைகளில் 'காஸ்ட் அயர்ன் நிக்காதுங்க' என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது பட்டறையில் ஒரு பெரியவர் கல்லை வாங்கிச் சுண்டிப் பார்த்தார். "கல்லு நல்ல கல்லுங்க. ஒட்டித் தர்றேன். ஆனா முன்ன மாதிரி இருக்கும்னு நெனச்சுக்காதீங்க" என்றார்.

பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முறிந்த இரண்டு முனைகளையும் கிரைண்டரில் சாய்வாகத் தேய்த்து நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி ஆக்கினார். கேஸ் தீயில் அந்த இடத்தை நிதானமாகச் சூடேற்றினார். நிக்கல் ராடு போட்டு ஓர் அங்குலம்கூட ஓடவிடாமல் நிறுத்தி, சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டினார். மறுபடி ஓர் அரை அங்குலம், மறுபடி தட்டல். சட்டென்று ஆறினால் சுருங்கும்போது விரிசல் விடுமாம். முடிந்ததும் ஒரு தகர டப்பாவில் இருந்த சாம்பலுக்குள் கல்லைப் புதைத்து, "சாயந்திரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். 350 ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பக்கம் படலம் எரிந்து வெளுத்திருந்தது. மறுபடி ஒரு வாரம் எண்ணெய் துடைத்துப் பழக்கினேன்.

பதினோரு மாதம் நின்றது. போன மாதம், தூக்கி அலமாரியில் வைக்கும்போது, ஒட்டுக்குப் பக்கத்தில் மறுபடி முறிந்தது. அவர் போட்ட ஒட்டு அப்படியே இருக்கிறது, அதை ஒட்டியிருந்த இரும்புதான் விட்டிருக்கிறது. அவர் சொல்லித்தான் கொடுத்தார், அவர்மேல் குறையே இல்லை. இந்தத் தடவை நான் ஒட்டப் போகவில்லை. மிச்சக் கட்டையையும் வெட்டி எடுக்கச் சொல்லி, கூர் போக நானே அரம் போட்டேன்.

இப்போது கல் வெறும் வட்டம். இடுக்கியால் பிடிக்கிறேன்.

அப்பாவைப் பெற்ற ஆத்தா வீட்டில் இருந்த கல்லும் இப்படித்தான் இருந்தது. கைப்பிடி இல்லாத வட்டம், சுவரில் ஓர் இடுக்கி. சின்னப் பிள்ளையில் அதை வசதிக்குறைவு என்று நினைத்திருந்தேன். இந்த ஒரு மாதமாகப் புழங்கிய பிறகு சொல்கிறேன்: சின்ன பர்னரில் கல் சாயவில்லை. பக்கத்து அடுப்பில் குழம்புச் சட்டி தாராளமாக உட்காருகிறது. ஒரு பக்கம் தீ குறைவாக எரிந்தால் இடுக்கியால் கால்வட்டம் சுற்றிவிடுகிறேன், தோசை ஓரமெல்லாம் ஒரே நிறம் வருகிறது. கைப்பிடி இருந்தவரை இப்படிச் சுற்ற இடமே கிடையாது. ஏழு வருஷத்தில் இந்தக் கல் இவ்வளவு நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடு கூடவே கோபமும் வருகிறது. உடைந்த பிறகு சரியாகிற சாமானை முதலிலேயே சரியாகச் செய்திருக்கலாமே!

அக்கா மகள் கேட்ட மற்றவற்றுக்கும் சுருக்கமாகச் சொன்னேன். நான் திருப்பூர் அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் பித்தளையும் செம்பும் எவர்சில்வரும் தட்டுகிற சத்தத்தில் வளர்ந்தவள். எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சில்வர் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய 200 வரிசையிலும் ஒட்டாது. உப்பு, புளி பட்டுப் பட்டு இரண்டாவதில்தான் சீக்கிரம் புள்ளி விழும். ரகத்தை எழுத்தில் காட்டச் சொல், ஐஎஸ்ஐ முத்திரை பார். சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் உத்தரவு 2024 மார்ச்சில் வந்தது. தாளிக்க, வதக்க ஒரு டிரைப்ளை வாணலி போதும். நடுவில் அலுமினியம், இரண்டு பக்கமும் சில்வர். அதிலும் கைப்பிடியை முதலில் பார், ஸ்க்ரூ வைத்தது வேண்டாம், ரிவெட் அடித்ததாக எடு.

வத்தக்குழம்புக்குக் கல்சட்டி. சேலம் பக்கம் மாக்கல்லில் கடைந்தது. இரும்பில் புளிக்குழம்பு வைத்தால் குழம்பு கருக்கும், பழக்கிய படலமும் போகும். கல்சட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு வாரம் சுடச்சுட வடிகஞ்சி ஊற்றிவைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் சிறு தீயில் ஏற்ற வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ரசத்துக்கு ஈயச்சொம்பு கேட்டாள். அது வெள்ளீயத்தில் செய்வது, 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவே கூடாது. காரீயம் கலந்திருந்தால் நஞ்சு, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. சோதனைச் சான்று காட்டாத கடையில் வாங்காதே என்றேன்.

தோசைக்கல் எது என்று கடைசியாகக் கேட்டாள். இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்வது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது: அதே கம்பெனி. இப்போது இரண்டு பக்கமும் காது வைத்த கல்லும் போடுகிறார்கள். ஏழரை வருஷத்தில் அந்த இரும்பு வளையவில்லை, மேல்பக்கம் மட்டம் போகவில்லை. அவ்வளவு சுத்தமான வார்ப்பை இந்த விலைக்கு நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நீளக் கைப்பிடிக் கல்லை இன்னும் விற்கிறார்கள் என்பதில் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவளுக்கு நானே காது வைத்த கல்லை ஆர்டர் போட்டேன், கூடவே ஓர் இடுக்கியும்.

நேற்றுப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எண்ணெய் துடைத்துப் பழக்கு என்று படித்துப் படித்துச் சொல்லியும் அவசரப்பட்டு இன்று காலையிலேயே ஊற்றியிருக்கிறாள். கல்லில் ஒட்டிக் கிழிந்த தோசையைப் போட்டோ எடுத்து அனுப்பி, "கல்லு சரியில்லையோ சித்தி?" என்று கேட்டிருக்கிறாள். கல்லு சரியாத்தான் இருக்கு, ஒரு வாரம் பொறு கண்ணு, அப்புறம் அரை வெங்காயம் தேய்ச்சு ஊத்து என்று பதில் போட்டிருக்கிறேன்.