அலாய் வீலுக்கு மறுபூச்சு: முழுதும் உரிப்பதா, தேய்த்து மேலே பூசுவதா?

கார் சக்கரங்களுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் எந்த நிறம், எந்த ஸ்பிரே கேன் என்ற ஆராய்ச்சியில்தான் பெரும்பாலும் முதலில் இறங்குகிறார்கள். பூச்சு சில மழைக்காலங்களைத் தாங்குமா, சில மாதங்களிலேயே செதில் செதிலாகக் கழலுமா என்பதோ, பழைய பூச்சை எவ்வளவு அகற்றினோம், எதைக் கொண்டு அகற்றினோம் என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. ஆகவே இந்த அலசலில் உரித்தலுக்கே அதிக இடம் தருகிறேன்.

அலுமினியக் கலவையாலான அலாய் வீலுக்குத் தொழிற்சாலையில் முதலில் இரசாயனக் குளியல் தந்து, அதன்மேல் பிரைமர் எனும் அடிப்பூச்சைச் சூளையில் சுட்டு இறுக்கி, பிறகே நிறமும் அதைக் காக்கும் நிறமற்ற கிளியர் கோட்டும் ஏற்றுகிறார்கள். அந்த அடித்தளத்தை வீட்டு வாசலில் மீண்டும் உருவாக்க இயலாது. எனவே பழைய பூச்சு கீறலும் மங்கலுமாக இருந்தாலும் உலோகத்தைக் கெட்டியாகப் பற்றியிருக்குமானால், அதை உரிப்பது நல்ல அஸ்திவாரத்தை இடித்துவிட்டு மட்டமானதொன்றைக் கட்டுவதாகும். சோப்பு நீரால் கழுவி, பிரேக் தூசியையும் டயர் பாலிஷின் சிலிகான் பிசுக்கையும் போக்கி, 320ஆம் எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 600 வரை ஈரத்தில் தேய்த்து, பெயர்ந்த இடங்களின் விளிம்பு விரல் நுனிக்குத் தட்டுப்படாதவாறு சரித்துவிட்டால் போதும். சிலிகான் மிச்சமிருந்தால் புதிய பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் சிறு சிறு குழிகளாக விலகிவிடும் என்பதால், கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது.

முழு உரிப்பு தவிர்க்க இயலாத நிலைகளும் உண்டு. கல்லடி பட்ட புள்ளியின் வழியாக ஈரமும் உப்பும் நுழைந்து, கிளியர் கோட்டின் அடியில் புழு ஊர்ந்த தடம்போல் வெண்ணிற இழைகள் பரவியிருந்தால், மேலே எதைப் பூசினாலும் அரிப்பு உள்ளே தொடரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் இதற்கான வாய்ப்பு கூடுதல். முன்பு யாரோ அவசரமாக அடித்த பெயிண்ட் தாள்போல் உரிந்து வருவது இரண்டாவது நிலை. துருவேறிய ஸ்டீல் ரிம் மூன்றாவது.

உரிக்கும் வழிகளில் பெயிண்ட் ரிமூவர்தான் வேகமானது. ஆனால் மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரின் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறக்கூடியது. மூடிய இடத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் உயிரிழந்ததை அடுத்து, அமெரிக்கா 2019இல் பொதுமக்களுக்கான விற்பனையைத் தடைசெய்தது. பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான கூழ்மங்கள் மெதுவாகவே வேலை செய்யும். சூளையில் சுட்ட பூச்சுக்கு இரண்டு மூன்று முறை தடவ வேண்டியிருக்கலாம். இருப்பினும் வீட்டுக்கு அதையே பரிந்துரைப்பேன். சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவைக் கொண்டு உரிக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. ஸ்டீல் ரிம்முக்கு அது பொருந்தலாம். அலுமினியத்தையோ அது அரித்துத் தின்பதோடு, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனையும் வெளியிடும்.

கையால் தேய்ப்பதில் நஞ்சு குறைவு, உழைப்பு மிகுதி. ஆரக்கால்களின் இடுக்குகளிலும் நட்டுக் குழிகளிலும் தாள் நுழையாது. அங்கே பொறுமையிழந்து டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டுபவர்கள், இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து பின்னர் துருப்புள்ளிகளாக எழும்பும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கம்பி பிரஷ் ஸ்டீல் ரிம்முக்கே உரியது. சாண்ட் பிளாஸ்டிங் வெளியில் கொடுத்துச் செய்யும் வேலை. இடுக்கெல்லாம் சுத்தமாகும் என்றாலும், கரடான துகளை அதிக அழுத்தத்தில் அடித்தால் அலாயின் முகம் குழிந்துவிடும். மென்மையான கண்ணாடி மணிகளைக் குறைந்த அழுத்தத்தில் வீசும் கடை அருகில் இருந்தால், முழு உரிப்புக்கு அதுவே மேலானது. முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் செதுக்கிப் பளபளக்கவிட்ட டைமண்ட் கட் சக்கரங்களை எந்த முறையாலும் வீட்டில் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர இயலாது.

வெறும் அலுமினியம் வெளிப்பட்ட இடத்துக்கு உலோகத்தைச் சற்றே அரித்துப் பற்றும் எட்ச் பிரைமரோ, பிசின் வகையான எபாக்ஸி பிரைமரோ தேவை. தேய்த்த அன்றே பூசிவிட வேண்டும். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் செந்நிற ரெட் ஆக்சைடு பிரைமர் இரும்புக்கானது. அதன்மேல் வீரியமான தின்னர் கலந்த பெயிண்டை அடித்தால் சுருங்கி எழும்பவும் கூடும்.

மேற்பூச்சில் நடைமுறைத் தேர்வுகள் நான்கு. உரிக்கத்தக்க ரப்பர் படலத்தைப் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஆனால் போதிய கனம் இல்லையெனில் உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும், பெட்ரோல் பட்டால் கரையும். சாதாரண அக்ரிலிக் ஸ்பிரே கேன் எளிமையானது. அமிலம் கலந்த வீல் கிளீனருக்கு அது ஈடுகொடுக்காது. கடினப்பொருள் கலந்த இருகூறு கிளியர் கோட் பெட்ரோலையும் கிளீனரையும் தாங்கும், பளபளப்பும் நிற்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால், வெளியிலிருந்து தூய காற்று வரும் முகக்கவசம் வேண்டும். அது எத்தனை வீடுகளில் இருக்கும்? நான்காவதான பவுடர் கோட்டிங் வீட்டு வேலையே அன்று. டயரையும் வால்வையும் கழற்றி, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். அம்பத்தூர், கோவை போன்ற தொழிற்பேட்டைகளில் செய்து தருகிறார்கள். வெப்பத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாத சூளையில் அலாயின் வலிமை குறையக்கூடும் என்பதால், கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

என் தேர்வைச் சொல்வதானால், பூச்சு உறுதியாக உள்ள அலாய்க்குத் தேய்த்தலும் அக்ரிலிக் ஸ்பிரேயும். இழை அரிப்பு கண்ட அலாய்க்குக் கண்ணாடி மணி வீச்சும் பவுடர் கோட்டிங்கும். ஸ்டீல் ரிம்முக்குக் கம்பி பிரஷும் எபாக்ஸி பிரைமரும். வெடிப்போ வளைவோ உள்ள சக்கரத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். பெயிண்ட் அந்தக் குறையை மறைத்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரக்காற்றில் அடித்தால் பூச்சில் வெண்புகை படியும். சுமார் 20 செ.மீ. தொலைவிலிருந்து மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் போல இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். டயரைக் கழற்றாமல் அடிப்பவர்கள் ரிம்முக்கும் ரப்பருக்கும் இடையே பழைய சீட்டுக்கட்டு அட்டைகளைச் சுற்றிலும் செருகிவிடலாம். சக்கரம் ஹப்பில் (அச்சின் முனையில் அதைத் தாங்கும் பாகத்தில்) அமரும் பின்முகத்திலும் நட்டுகள் உட்காரும் குழிகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயிண்ட் படாமல் காக்க வேண்டும். அங்கே படிந்த பூச்சு ஓட்டத்தில் நசுங்கினால் நட்டின் இறுக்கம் தளரும். மாட்டியபின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு நட்டுகளை முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை அதே அளவுக்குச் சரிபார்க்க வேண்டும்.