அசன விருந்தின் எச்சம்: மண்புழுத் தொட்டியா, உரக் குவியலா?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதித் தேவாலயங்களில் அசன விருந்து, அதாவது சபையார் ஒன்றாக உண்ணும் பொது விருந்து, முடிந்ததும், எச்சில் வாழை இலையும் மிஞ்சிய சோறும் குழம்பும் ஒரே நாளில் பெருமளவில் சேர்ந்துவிடுகின்றன.

மண்புழு உரம் தரமானதுதான். ஆனால் உப்பும் எண்ணெயும் புளியும் கலந்த உணவு புழுக்களுக்கு ஒவ்வாது என்பதோடு, மொத்தமாகக் கொட்டிய ஈரக்கழிவு சூடேறி 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவை மடியத் தொடங்கும். வாரந்தோறும் சிறிதளவு காய்கறித் தோலும் பீடத்துப் பூக்களும் மட்டுமே சேரும் ஆலயத்துக்கு அது பொருந்தும்.

அசனத்துக்கு நான் பரிந்துரைப்பது குவியலையே. அதில் 55 முதல் 65 டிகிரி வரை எழும் வெப்பம் நோய்க்கிருமிகளை அழிக்கிறது. நறுக்கிய இலையையும் சோற்றையும் அவற்றைப்போல் இரு மடங்கு காய்ந்த சருகுடன் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே சருகால் நன்றாக மூடி, வாரம் ஒருமுறை புரட்டிவந்தால் நாற்றமும் ஈத்தொல்லையும் பெரிதும் குறையும். கறி விருந்தாயின் எலும்பை முன்னதாகவே பிரித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு இரண்டு முறையிலும் முழுமையாக மக்காது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டும் உள்ளது. எம்முறையைத் தேர்ந்தாலும், சோற்றை முதலில் அளவாக வைத்து, கேட்பவர்களுக்குத் தாராளமாக மறுமுறை பரிமாறுவது மக்கவைக்க வேண்டிய சுமையையே குறைக்கும்.