மாற்றாத பம்புக்கு 265 டொலர்: பிரஷர் வாஷர் திருத்தக் கொடுக்கிறவர்கள் கவனிக்க

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பனிக்காலம் முடிந்து, டிரைவ்வேயில் படிந்த உப்பையும் அழுக்கையும் கழுவ எல்லோரும் கராஜுக்குள் கிடந்த பிரஷர் வாஷரை வெளியே இழுப்பார்கள். ஆறு மாதம் சும்மா நின்ற மெஷின் சண்டித்தனம் பண்ணும். அந்த நேரத்தில்தான் நான் ஏமாந்தேன்.

என்னுடையது பெற்றோலில் ஓடுவது, தண்ணீர் அழுத்தம் 3100 பி.எஸ்.ஐ. மூன்று வருடத்துக்கு முன் கழிவு விலையில் 549 டொலருக்கு வாங்கினேன். மே மாதம் முதல் வாரம் வெளியே எடுத்து, கயிற்றை இழுத்தபோது எஞ்சின் பிடித்தது. ஆனால் சீராக ஓடவில்லை, வேகம் ஏறுவதும் இறங்குவதுமாகவே நின்றது. தண்ணீரும் ஒரு நொடி பாய்ந்து, அடுத்த நொடி தளர்ந்து, துடித்துத் துடித்து வந்தது. எனக்கு எஞ்சின் வேலை தெரியாது. தமிழ்க்கடை அறிவிப்புப் பலகையில் இருந்த நம்பருக்கு அழைத்துவிட்டுக் கொண்டுபோனேன். ஒரு பிளாசாவின் பின்பக்கம் சின்ன யூனிட். பார்ப்பதற்கு மட்டும் 60 டொலர், அது திரும்பி வராது என்றார்கள். சரி என்று கொடுத்தேன்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு ஏமாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கடைக்காரர் ஹோஸைக் கொழுவி எஞ்சினைக் கிளப்பினார். ட்ரிகரை அழுத்தவே இல்லை. மெஷின் இரைந்துகொண்டு நிற்க, என்னோடு ஊர்க்கதை பேசினார். ஐந்தாறு நிமிடம் போனதும் பம்பின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. "பாருங்கோ அண்ணை, பம்ப் லீக். சீல் எல்லாம் போச்சு. 250க்குள்ள முடிச்சுத் தாறன்" என்று சொல்லி, மெஷினில் கட்டிய துண்டிலும் 250 என்று எழுதினார். கண்ணால் பார்த்த பிறகு எப்படி நம்பாமல் இருப்பது?

அது லீக் இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ட்ரிகரை விட்டதும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும். ஓட ஓடச் சூடாகும். கிட்டத்தட்ட 60 பாகை செல்சியஸ் வந்ததும் பம்பைக் காப்பாற்ற ஒரு சின்ன வால்வு தானாகத் திறந்து அந்தச் சுடுதண்ணீரை வெளியே விடும். நல்ல பம்ப் செய்ய வேண்டிய வேலையே அதுதான். ட்ரிகரை அழுத்தாமல் சில நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள் என்று மெஷினோடு வருகிற கையேட்டிலேயே இருக்கிறது. புத்தம்புது மெஷினை அப்படி விட்டாலும் சொட்டும். தொழில் தெரிந்த ஒருவர் அதை எனக்குப் பழுது என்று காட்டினார்.

இன்னொன்றும் அங்கே கண்டேன். வேலைக்கு நின்ற பெடியன் எஞ்சின் ஓடும்போதே நொசிலில் அடைப்பா என்று விரலைக் கிட்டக் கொண்டுபோனான். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின அளவு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை சிதைந்து போயிருக்கலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. ஷட்டரை மூடிக்கொண்டு உள்ளேயே எஞ்சினையும் ஓடவிட்டார்கள். புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. அப்போதே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் அழைப்பு வந்தது, வந்து எடுங்கோ என்று. போனால் 530 டொலர். பம்ப் புதுசு 265, எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற காபரேற்றர் புதுசு 95, கூலி 170. 250 என்று எழுதினீர்களே என்றேன். கழற்றிப் பார்த்தபோது பம்ப் திருத்துற நிலையில் இல்லை என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈ-ட்ரான்ஸ்பர் பண்ணினால் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி வேண்டாம் என்றும் சொன்னார். அனுப்பினேன், கையால் எழுதின ஒரு துண்டு தந்தார். அது என் பிழை. கிரெடிட் கார்ட்டில் கொடுத்திருந்தால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம். ஈ-ட்ரான்ஸ்பர் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான்.

இரண்டு சனிக்கிழமை நன்றாக வேலை செய்தது. மூன்றாவது சனிக்கிழமை எஞ்சின் சீராக ஓடியது, ஆனால் தண்ணீர் திரும்பவும் துடித்தது. அழைத்தேன். "உங்கட வீட்டுத் தண்ணி காணாது" என்று வைத்துவிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். யாழ்ப்பாணத்தில், வடமராட்சியில் வெங்காயத் தோட்டத்துக்கு மெஷின் வைத்து இறைத்தவர். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, நாலு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய கை. அவர் வந்ததும் பம்பைத் தொடவே இல்லை. முதலில் 20 லீற்றர் வாளியை ஹோஸின் கீழ் வைக்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, நிரம்பிவிட்டது. என் மெஷின் நிமிடத்துக்கு ஒன்பதரை லீற்றர்தான் குடிக்கும். "தண்ணி தாராளம் தம்பி. அப்ப வாசலிலதான் மறிக்குது" என்று, ஹோஸ் பூட்டுகிற இடத்தில் இருந்த சின்ன வலையைக் குறட்டால் இழுத்தெடுத்தார். அதில் கறுப்புக் கறுப்பாக ரப்பர் துகள்.

காரணம் என் பழைய தோட்ட ஹோஸ். பனிக்காலம் முழுக்க வெளியே கிடந்து உள்பக்கம் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தத் துகள் வலையை அடைக்க, பம்புக்குத் தண்ணீர் போதாமல் துடித்திருக்கிறது. கடையில் வலையைக் கழுவிப் போட்டிருப்பார்கள். நான் அதே ஹோஸைத் திரும்பக் கொழுவ, அதே அடைப்பு வந்தது. வலையைக் கழுவி, வேறு ஹோஸ் பூட்டி, எஞ்சினைக் கிளப்பாமல் ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்த காற்றெல்லாம் இருமி இருமி வெளியேறி, தண்ணீர் ஒரே கோடாக வரும்வரை இரண்டு நிமிடம். பிறகு கிளப்பினார். புதுசு போலப் பாய்ந்தது.

அப்புறம்தான் நெஞ்சு எரிகிற விஷயம். புது பம்ப் இவ்வளவு பழசாக இருக்காதே என்று மாமா குனிந்து பார்த்தார். வாங்கின அன்று உத்தரவாதத்துக்குப் பதிவு செய்ய, பம்பின் பக்கத்தில் இருக்கிற சீரியல் நம்பரைப் படம் எடுத்து வைத்திருந்தேன். போனில் தேடி எடுத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். அதே நம்பர், அதே பம்ப். மேலால் துடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காபரேற்றரும் பழசுதான். அடிக் கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே பழைய பெற்றோலின் மஞ்சள் கறை, அதன் ரப்பர் வளையமும் ஊதிப்போய் இருந்தது. பெற்றோல் போகிற சின்னத் துளையுள்ள ஜெட்டை மட்டும் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். எஞ்சின் ஏறி இறங்கினதற்கு அந்த ஜெட்தான் காரணம். இங்கே பெற்றோலில் எதனோல் என்ற அல்ககோல் கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் பிசுபிசுத்து, மயிரளவு துளையை அடைத்துவிடும். ஒரு டின் காபரேற்றர் கிளீனரும் ஒரு செப்புக் கம்பி இழையும் போதும் அதற்கு.

துண்டையும் படத்தையும் கொண்டு கடைக்குப் போனேன். முதலில் புதுசு என்று அடித்துச் சொன்னார். நம்பரைக் காட்டியதும் கதை மாறியது: உள்ளே இருக்கிற சாமான்தான் மாற்றினது, வெளிக்கூடு பழசு என்று. அப்படியென்றால் கழற்றின பழைய சாமானைத் தாருங்கள் என்றேன். எறிந்தாச்சு என்றார். அடுத்த முறை வந்தால் 50 டொலர் குறைப்பாராம்.

மதிப்பீடு ஒன்றைச் சொல்லி வேலையை ஒப்புக்கொண்டால், அதற்கு மேல் 10 சதவீதத்துக்குக் கூடுதலாக அறவிடக் கூடாது என்று ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. 250 என்றால் 275, அதற்கு மேல் இல்லை. நல்லவேளை, அவர் எழுதிக் கட்டின துண்டை நான் கழற்றி எறியவில்லை. பம்புக்கும் காபரேற்றருக்கும் வாங்கின 360 டொலரைத் திருப்பிக் கேட்டு, படங்களையும் வைத்துக் கடிதம் கொடுத்தேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் முறைப்பாடு போட்டிருக்கிறேன். அது முடியும்வரை கடையின் பெயரை எழுதவில்லை.

யாரிடம் கொடுத்தாலும், கொடுக்க முதல் பம்பின் நம்பரையும் காபரேற்றரையும் படம் எடுங்கள். மாற்றினால் பழசு எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டவுடனேயே பாதி விலை இறங்கும் என்கிறார் மாமா. ஒக்டோபரில் மூடி வைக்கும்போது பெற்றோல் குழாயை அடைத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பம்புக்குள் உறையாத் திரவம் விடச் சொல்லித் தந்திருக்கிறார். உள்ளே தண்ணீர் நின்று உறைந்தால் பம்ப் உண்மையிலேயே வெடிக்கும்.

மாமாவின் மருமகனும் போன வருடம் அதே கடையில் "பம்ப்" மாற்றியிருக்கிறார். அவருடைய மெஷினை வருகிற சனிக்கிழமை கழற்றிப் பார்க்கிறோம்.