மிச்ச மரபணுக்கள்: நீர்வெறுப்பா, உள்ளூர்க் கட்டுப்பாடா?

கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். செல் பாடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். பாக்டீரியாவாக உள்ளே வந்த மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் பெரும்பாலான மரபணுக்களை உட்கருவிடம் கொடுத்துவிட்டன, மிச்சத்தை மட்டும் ஏன் பிடித்து வைத்திருக்கின்றன? குறிப்பு எழுதும்போது ஏதாவது ஒரு விளக்கத்தை முன்னால் வைக்க வேண்டியிருந்தது. ஆய்வாளர் ஜான் ஆலன் 1993இல் சொன்னதை வைத்தேன்: அந்தந்த இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால்தான் மரபணுவும் அங்கேயே இருக்கிறது.

மனித மைட்டோகாண்ட்ரியாவில் 37 மரபணுக்கள், அவற்றில் புரதத்துக்கானவை 13தான். உள்ளே வேலைசெய்யும் மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களும் இறக்குமதி. ‘மரபணுக்கள் இன்னும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்’ என்ற பதில் நிற்காது. நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகியும், தூரத்து உயிரினங்களிலும் மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ அதே மரபணுக்கள்.

நீர்வெறுப்புக் கட்சி 1986இலிருந்து இருக்கிறது. நீரோடு ஒட்டாமல் சவ்வில் புதையும் புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே செய்தால் தவறான சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது வாதம். இதற்கான சான்று நம் வயலிலேயே கிடக்கிறது. காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல்லறுத்த தரிசில் விதைக்கிறோமே பச்சைப்பயறு, அதிலும் காராமணியிலும் காக்ஸ்2 என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணு உட்கருவுக்கே குடிபோய்விட்டது. சோயாவில் சோதித்தபோது, புரதத்தின் நீர்வெறுப்பு குறைந்திருந்ததால்தான் அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய முடிந்தது என்று தெரிந்தது. ஆனால் ஒளியை வாங்கும் குளோரோபில் புரதங்களும் சவ்வை மூன்று முறை துளைப்பவைதான். அவை உட்கருவிலிருந்து ஒழுங்காக வந்து சேர்கின்றனவே!

ஆலன் பார்ப்பது பராமரிப்பை. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான மைட்டோகாண்ட்ரியா. ஒன்றின் எலக்ட்ரான் சங்கிலியில் (ஆற்றலுக்காக எலக்ட்ரானைக் கைமாற்றும் புரத வரிசை) மட்டும் எலக்ட்ரான் தேங்கினால் நச்சு ஆக்சிஜன் கிளம்பும், உடனே அங்கே பாகம் வேண்டும். உட்கரு அனுப்புவதோ முகவரி இல்லாத சரக்கு, எல்லாவற்றுக்கும் போகும். ஒரு தெரு டிரான்ஸ்பார்மர் போனதற்குச் சென்னையிலிருந்து ஊர் முழுக்கச் சாமான் அனுப்பினால் என்ன பயன்? அந்த ஏரியா லைன்மேன் கையில் இருக்க வேண்டும். 2011 தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பசுங்கணிகத்தில் ஒளிவினைக்கான டி1 புரதம் வெயிலில் ஓயாமல் பழுதாகி மாற்றப்படுகிறது, அதன் மரபணு உள்ளேயேதான் இருக்கிறது. 1999இல் வெண்கடுகில் பார்த்தார்கள்: எலக்ட்ரானைக் கடத்தும் பிளாஸ்டோகுவினோனில் எலக்ட்ரான் நிறைகிறதா குறைகிறதா என்பதைப் பொறுத்து, ஒளிவினை மையங்களின் மரபணுக்கள் உள்ளேயே முடுக்கப்படுகின்றன.

மைட்டோகாண்ட்ரியா பக்கம் இவ்வளவு நேரடிச் சான்று இல்லை. பச்சைப்பயற்றின் காக்ஸ்2, எலக்ட்ரான் சங்கிலியின் மையப் புரதம், அதன் மரபணு வெளியேறியது ஆலனுக்கு இடிதான். நான் ஆய்வகத்தில் செய்து பார்த்தவனும் இல்லை, வகுப்பில் சொல்பவன்.

இருந்தும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி என்னை இந்தப் பக்கமே இழுக்கிறது. அதன் ஹைட்ரஜனோசோம் என்ற நுண்ணுறுப்பு, மைட்டோகாண்ட்ரியா வழிவந்தது. எலக்ட்ரான் சங்கிலி போயிற்று, கூடவே மரபணுத்தொகுதியும் சுத்தமாகப் போயிற்று. சங்கிலிப் புரதமே வேண்டாதபோது மரபணு எதற்கு என்று நீர்வெறுப்புக் கட்சியும் கேட்கலாம், நியாயம்தான். அதனால் குறிப்பில் இரண்டையும் எழுதியிருக்கிறேன், ஆலனுக்கு ஒரு பக்கம், மற்றதற்கு அரைப்பக்கம்.