ரெயில்ஸோடு இத்தனை வருடம்: இந்த மெத்தட் எங்கிருந்துதான் வருகிறது?

புது இணையதளத்துக்கு ரெயில்ஸா ஜாங்கோவா என்று நண்பர் கேட்டார். இரண்டும் இணையதளம் கட்ட உதவும் நிரல் சட்டகங்கள், ரெயில்ஸ் ரூபி மொழியில், ஜாங்கோ பைத்தானில். வசதிகளை வைத்து அளந்தால் பெரிய வித்தியாசம் இல்லை, எதில் எழுதினாலும் தளம் ஓடும். ஆனால் தினமும் மல்லுக்கட்டப்போவது அடியில் இருக்கிற மொழியோடு, அதனால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

ரூபியை வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. 2.டேஸ்.ஏகோ என்று எழுதினால் இரண்டு நாளைக்கு முந்தைய நேரம் வந்துவிடும். ஆனால் இதையே வெறும் ரூபியில் அடித்துப் பாருங்கள், அப்படி ஒரு மெத்தடே (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் நிரல் துண்டு) இல்லை என்று பிழை வரும், ஏனென்றால் எண்களுக்கே புது மெத்தட்களை ஒட்டிவைத்திருப்பது ரெயில்ஸ். என் எரிச்சல் முழுக்க இங்கேதான். பைத்தானில் கோப்பின் தலைப்பிலேயே இம்போர்ட் வரிகள் இருக்கும், எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்த உடனே தெரியும். ரெயில்ஸில் அந்த வரிகளே கிடையாது, கோப்பின் பெயரை வைத்து அதிலுள்ள கிளாஸை (மெத்தட்களைத் தொகுத்து வைக்கும் அலகு) தானாக ஏற்றிக்கொள்ளும். ஒன்றுக்குப் பல கமெண்ட்கள் உண்டு என்று சொல்ல ஹேஸ்_மெனி :கமெண்ட்ஸ் என்று ஒரு வரி போட்டால் கமெண்ட்_ஐடிஸ் என்று ஒரு மெத்தட் முளைக்கிறது, அதை டெஃப் (மெத்தடை வரையறுக்கும் சொல்) போட்டு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினால் நம் கோப்புகளிலும் இல்லை, ரெயில்ஸுக்குள்ளும் அந்தப் பெயரில் இல்லை, ஓடும்போதுதான் உருவாகிறது! கன்சோலில், மெத்தட் எங்கே உருவானது என்று சொல்லும் சோர்ஸ்_லொகேஷனைக் கேட்டால் ஃபைலும் வரி எண்ணும் கிடைக்கும், அது இல்லையென்றால் நான் எப்போதோ ஓடியிருப்பேன்.

நியாயமாகச் சொன்னால் ஜாங்கோவும் முழு யோக்கியம் இல்லை. கமெண்ட்டில் ஃபாரின் கீ (இன்னொரு அட்டவணையைச் சுட்டும் இணைப்பு) வைத்தால் மறுபக்கம் கமெண்ட்_செட் தானாக வந்து நிற்கும். அப்புறம் பைத்தான் 2-லிருந்து 3-க்குப் போனபோது பழைய நிரல்கள் பல அப்படியே ஓடாமல் போன கூத்து தெரியும்தானே, அதோடு ஒப்பிட்டால் 2020 டிசம்பரில் ரூபி 3.0 வந்தபோது கீவேர்ட் ஆர்க்யுமென்ட் (மெத்தடுக்குப் பெயரோடு கொடுக்கும் மதிப்பு) விதி மாறியதெல்லாம் ஒன்றுமே இல்லை, 2.7-லேயே எச்சரிக்கை காட்டத் தொடங்கிவிட்டார்கள். தனி ஆளாக ஒரு தளத்தைச் சட்டென்று எழுப்ப ரெயில்ஸ் மாதிரி எனக்கு வேறு எதுவும் அமையவில்லை.

இருந்தும் நண்பரிடம் ஜாங்கோ எடுங்கள் என்றுதான் சொன்னேன். அவர் குழுவில் பாதிப் பேர் புதியவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நேற்று சாயங்காலம் முழுக்க ஏதோ ஒரு ஜெம் (ரூபியில் சேர்த்துக்கொள்ளும் வெளி நிரல் தொகுப்பு) சத்தமில்லாமல் மாற்றிவைத்திருந்த மெத்தடைத் தேடிக்கொண்டிருந்தேன், அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.