3 கிலோவாட்டா, 5 கிலோவாட்டா, பற்றரியோடா? யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஒரு சோலார் கணக்கு

யாழ்ப்பாணத்தில் சோலாருக்கு விலை கேட்டால், வீட்டில் எத்தனை யூனிட் போகிறது என்று கேளாமலே ஐந்து கிலோவாட் விலையைச் சொல்லிவிடுகிறார்கள். பற்றரியும் சேர்த்தால் பில்லும் குறையும், கறண்ட் போனாலும் கவலையில்லை என்பார்கள். இவை இரண்டு வேறு வேறு கொள்வனவுகள். இரண்டுக்கும் தனித்தனியே கணக்குப் பார்த்தால்தான் எது உங்கள் வீட்டுக்குத் தேவை என்று தெரியும்.

முதலில் அளவு. கடைசி 12 மாத பில்லையும் எடுத்து யூனிட்டைக் கூட்டி 12ஆல் பிரியுங்கள். எங்கள் வெயிலுக்கு 1 கிலோவாட் பனல் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட், மாதம் 120 யூனிட் அளவில் தரும். பங்குனி, சித்திரையில் கூடும். கார்த்திகை, மார்கழி மழையில் நன்றாக இறங்கும். மாதம் 210 யூனிட் போகும் வீட்டுக்கு 210ஐ 120ஆல் பிரித்தால் 1.75. ஆக 550 வாட் பனல் நான்கு, அதாவது 2.2 கிலோவாட் போதும். ஒரு பனல் ஏறத்தாழ 2.6 சதுர மீற்றர், 28 கிலோ. நான்குக்கு 11 சதுர மீற்றர் கூரை இருந்தால் சரி. ஐந்து கிலோவாட்டுக்கு ஒன்பது பனலும் 24 சதுர மீற்றரும் வேண்டும்.

மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் யூனிட் விலை கூடும். சோலார் முதலில் வெட்டுவது மேற்படியைத்தான். 210 யூனிட் வீட்டில் முதல் கிலோவாட் 91 முதல் 210 வரையான விலை கூடிய யூனிட்டுகளை இல்லாமல் செய்துவிடும். இரண்டாவது கிலோவாட்டுக்கு மிஞ்சுவது மலிவான 90 யூனிட்தான். மூன்றாவதுக்கு வெட்டப் பில்லில் எதுவுமே இல்லை. அதன் பெறுமதி முழுக்க, மிச்ச யூனிட்டைச் சபை எங்களிடம் வாங்கும் விலையில் தங்கியிருக்கிறது. பில்லின் சராசரி யூனிட் விலையை 5 கிலோவாட்டின் உற்பத்தியால் பெருக்கிக் காட்டும் சேமிப்புக் கணக்கு இங்கேதான் பிழைக்கிறது.

இனி சபையோடு செய்யும் ஒப்பந்த வகை. நெட் மீற்றரிங்கில் மிச்ச யூனிட்டுக்குக் காசு இல்லை, அடுத்த மாதத்துக்குச் சேரும். நெட் அக்கவுன்ற்றிங்கில் பாவனையைக் கழித்து மிஞ்சியதற்குக் காசு வரும். நெட் பிளஸ்ஸில் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவிப்பதற்குச் சாதாரண பில்லைக் கட்ட வேண்டும். 2016இல் அரசின் கூரைச் சோலார்த் திட்டமான சூரிய பல சங்கிராமய தொடங்கியபோது வாங்கும் விலை முதல் 7 ஆண்டுக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுக்கு 15.50. பிறகு 2022 ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 மாசியில் இன்னும் 66 வீதமும் ஏறியது. நெட் பிளஸ்காரர் விற்ற விலை அப்படியே நிற்க, கட்டும் பில் மட்டும் ஏறியது. மற்ற இரண்டு வகையிலும் கட்டணம் ஏற ஏறச் சேமிப்பும் ஏறும். ஆகவே ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்கு நெட் பிளஸ் பொருந்தாது.

பாவனைக்கு அளவாகப் போடுபவருக்கு நெட் மீற்றரிங்கே நல்லது. சித்திரையில் சேர்ந்த யூனிட், வெளிநாட்டில் இருந்து சனம் வந்து நிற்கும் நல்லூர்த் திருவிழாக் காலத்து ஏசிக்கும், மார்கழி இருட்டுக்கும் கைகொடுக்கும். பெரிய பிளாற் கூரையும் கையில் காசும் உள்ளவர் நெட் அக்கவுன்ற்றிங் எடுக்கலாம். ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் தேவை குறைந்ததால் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லிச் சபையே கேட்டது. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டும் காசாகும் என்று கடனெடுத்து ஐந்து கிலோவாட் போட வேண்டாம்.

பற்றரிக்கு வருவோம். பனலின் மின்சாரத்தை வீட்டுக் கறண்டாக மாற்றுவது இன்வேட்டர். பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர் கறண்ட் போனதும் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும் கூட. லைனில் வேலை செய்பவருக்குக் கறண்ட் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. கறண்ட் போகும்போதும் வீடு ஓட வேண்டுமென்றால் பற்றரியோடும் லைனோடும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் வேண்டும்.

கணக்கு இப்படி. 1 கிலோவாட் 20 ஆண்டில், பனல் தேய்மானம் போக, 26,000 யூனிட் அளவில் தரும். கிலோவாட்டுக்கு 2 இலட்சம் கொடுத்ததாக வைத்தால் யூனிட் 8 ரூபாவுக்குள் அடங்கும். இடையில் ஒருமுறை இன்வேட்டர் மாற்றும் செலவு தனி. 5 யூனிட் லிதியம் பற்றரி நாளுக்கு 4.2 யூனிட் திருப்பித் தரும். 10 ஆண்டில் சுமார் 15,000. அதன் விலை 3 இலட்சம் என்றால், சேமித்தெடுக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் மேலதிகமாக 20 ரூபா ஏறுகிறது. நெட் மீற்றரிங்கில் அதே வேலையைச் சபையின் லைன் சும்மா செய்கிறது. எனவே பற்றரியைப் பில் குறைக்க வாங்காதீர்கள். மருந்து வைக்கும் பிறிட்ஜ், படிக்கிற பிள்ளைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டும்தான்.

வாங்கினால் 5 யூனிட் போதும். மூன்று ஃபான் எட்டு மணித்தியாலம் 1.5 யூனிட், பிறிட்ஜ் 0.6, லைற், வைஃபை, டிவி 0.7. கிணற்று மோட்டரையும் ஏசியையும் பற்றரி லைனில் கொடுக்கவே கூடாது. 1 குதிரைவலு மோட்டர் எழும்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுத்து இன்வேட்டரை விழுத்திவிடும். லெட் அசிட் பற்றரி மலிவு, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் கெடும். எங்கள் வெக்கையில் ஆயுளும் குறையும். லைனே இல்லாத தோட்டத்துக்கோ கொட்டிலுக்கோ தவிர, முழுக்கப் பற்றரியில் ஓடும் வீடு யாழ்ப்பாணத்தில் தேவையில்லை.

பொருத்தும்போது கெடுப்பது பெரும்பாலும் இன்வேட்டரில் இருந்து மீற்றருக்குப் போகும் கேபிள். மீற்றர் முன் மதிலில், வீடு வளவின் உள்ளே என்றால் 30 மீற்றர் சாதாரணம். 5 கிலோவாட் என்றால் 22 அம்பியர். 4 சதுர மில்லிமீற்றர் கேபிளில் அது வோல்ட்டை 6 அளவில் உயர்த்தும். 10 சதுர மில்லிமீற்றரில் 2.5 மட்டும். ஒழுங்கையின் கடைசி வீட்டில், அயலிலும் சோலார் இருந்தால், நண்பகலில் லைனே 247 வோல்ட்டுக்கு நிற்கும். அதற்கு மேல் 6 ஏறினால் இன்வேட்டர் 253 வோல்ட் அளவிலுள்ள தன் எல்லையைத் தொட்டு நிற்கும். நல்ல வெயிலில்தான் உற்பத்தி அறுந்து அறுந்து போகும். விலைப்பட்டியலில் கேபிள் தடிப்பை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஓட்டு வீட்டில் பனலைத் தாங்கும் கொக்கியை, ஓடு கிடக்கும் மெல்லிய சிலாகையில் அடிக்க விடாதீர்கள், கைமரத்தில் பூட்ட வேண்டும். பனை வைரம் என்றால் முதலில் துளையிடாமல் ஸ்குரு இறங்காது, முறியும். பனல் தெற்கே பார்த்து 10 பாகை சரிவு போதும். ஓட்டுக்கும் பனலுக்கும் இடையே ஒரு சாண் காற்று ஓட விட்டால் சூட்டில் போகும் உற்பத்தி குறையும். பருத்தித்துறை, காங்கேசன்துறைக் கரையில் அலுமினியம் ரெயிலும் ஸ்ரெயின்லஸ் போல்ட்டும் தவிர வேறொன்றும் நிலைக்காது. ஒரு தென்னோலையின் நிழல் ஒரு பனலில் விழுந்தாலே வரிசையின் உற்பத்தி குறையும். கிணற்றுத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும், பிறகு தேய்த்தாலும் போகாது. பீலியில் பிடித்த மழைத் தண்ணீரால், விடியற்காலையில் கழுவுங்கள்.