நீல் ஒழுங்கா, ஜோடிக் கூட்டமா: நான்கு பின்னல்களில் ஒரு கணக்கு

எதிர் ஃபெர்ரோ காந்தம் என்றதும் பாடப்புத்தகப் படம் நினைவுக்கு வரும். ஒவ்வொரு அணுவின் சிறு காந்தத்தையும், அதாவது ஸ்பினையும், ஓர் அம்பாக வரைவார்கள்: ஒரு அம்பு மேலே, பக்கத்து அம்பு கீழே, மறுபடி மேலே. பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1930-களில் முன்வைத்த கருத்து இது; நீல் ஒழுங்கு என்பது இதைத்தான். 1949-ல் ஷல், ஸ்மார்ட் இருவரும் மாங்கனீஸ் ஆக்சைடில் நியூட்ரான்களைச் செலுத்தி இந்த ஒழுங்கை மெய்ப்பித்தார்கள். ஆனாலும் குவாண்டம் விதிப்படி இது சரியான அடிநிலை (மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட நிலை) இல்லை. அண்டை ஸ்பின்களின் இடைவினை, மேல்-கீழ் ஜோடியைக் கீழ்-மேலாகப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. தனிச்சுழி வெப்பநிலையிலும் அது ஓயாது.

அப்படியானால் அடிநிலை எப்படி இருக்கும்? பதில் இரண்டு. நீல் ஒழுங்கு பெரும்பாலும் சரி, அதன்மேல் ஸ்பின் அலைகளின், அதாவது ஒழுங்கில் அலையாகப் பரவும் சிறு சாய்வுகளின், ஓயாத நடுக்கத்தைச் சேர்த்தால் போதும் என்பது ஒன்று. ஒழுங்கே கிடையாது, ஸ்பின்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றையொன்று முழுதாக ரத்து செய்கின்றன, அந்த ஜோடிகளும் பென்சீனின் இரட்டைப் பிணைப்புகள் போல இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது மற்றொன்று. முதலாவதற்கு 1952-ல் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்க இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன். 1973-ல் இரண்டாவதை முன்மொழிந்தவரும் அவரே!

எது சரி என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அணுக்கள் எந்தப் பின்னலில், அதாவது எந்த வடிவ அடுக்கில், அமர்ந்திருக்கின்றன என்று கேட்க வேண்டும். ஸ்பின் 1/2 அணுக்களையும், 1 என்ற அளவில் இடைவினையையும் எடுத்துக்கொள்வோம். நீல் அமைப்பில் ஒவ்வொரு பிணைப்பும் 0.25 ஆற்றலை மிச்சப்படுத்தும். குவாண்டம் ஜோடி 0.75 மிச்சப்படுத்தும், மூன்று மடங்கு. ஆனால் ஓர் அணு ஒரே ஒரு அண்டையோடுதான் ஜோடி சேர முடியும். ஆக, ஜோடிகளை அசையாமல் வைத்தால் எந்தப் பின்னலிலும் அணுவுக்கு 0.375 கிடைக்கும். நீல் ஒழுங்கோ எல்லா அண்டைகளிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும்.

அணுக்கள் ஒரே வரிசையில் நிற்கும் சங்கிலியில், ஒவ்வொரு பிணைப்பையும் இரண்டு அணுக்கள் பகிர்வதால், அணுவுக்கு ஒரு பிணைப்பு. நீல் 0.25, ஜோடி 0.375. பெத்தே 1931-ல் தந்த துல்லியத் தீர்வின்படி உண்மை மதிப்பு 0.443. ஸ்பின் அலைக் கணக்கு 0.432 வரை வந்துவிடும். பார்த்தால் பாஸ் போலத்தான் தெரியும். ஆனால் ஒழுங்கு எவ்வளவு மிஞ்சியது என்று அதே கணக்கிடம் கேளுங்கள்: நடுக்கம் முடிவிலிக்குப் போய்விடும். தான் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிக்கொள்கிறது. இத்தகைய சங்கிலிகள் கொண்ட பொட்டாசியம் தாமிர ஃபுளூரைடில் நியூட்ரான் சோதனைகளும் கூரிய அலையோடு நிற்காமல் அகன்ற பட்டையைக் காட்டின. புரட்டிய ஒரு ஸ்பின், இரண்டு 'ஸ்பினான்'களாகப் பிரிந்து ஓடுவதன் தடம் அது.

சதுரப் பின்னலில் கதை தலைகீழ். அணுவுக்கு இரண்டு பிணைப்புகள், நீல் 0.5 என்று தொடக்கத்திலேயே முந்திவிடுகிறது. ஸ்பின் அலைகளைச் சேர்த்தால் 0.658, கணினிக் கணக்கீடு தருவது 0.669. மிஞ்சும் காந்தத் திருப்புத்திறன் (ஒழுங்கின் வலு), முழு அளவான 0.5-க்கு, அலைக் கணக்கில் 0.303, கணினியில் 0.307. பெரிய ஸ்பின்களுக்கென்று கட்டிய கோட்பாடு, இருப்பதிலேயே சிறிய ஸ்பினுக்கு இவ்வளவு நெருங்கி வருவது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சுமார் 40 சதவீதத்தை ஏற்ற இறக்கங்கள் விழுங்கிய பிறகும் ஒழுங்கு நிற்கிறது. 1987-ல் ஆண்டர்சனும், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தோடு நீண்டகாலத் தொடர்புடைய ஜி. பாஸ்கரனும் உயர்வெப்ப மீக்கடத்திகளுக்கு (ஒப்பீட்டளவில் உயர்ந்த வெப்பநிலையிலும் தடையின்றி மின்சாரம் கடத்துபவை) ஜோடிப் படத்தைக் கொண்டுவந்தார்கள். அவற்றின் தாய்ச் சேர்மமான லாந்தனம் தாமிர ஆக்சைடு மட்டும் நீல் பக்கம்தான் நின்றது. சுமார் 325 கெல்வின் வரை அதில் ஒழுங்கு உண்டு. மாசு கலந்து ஒழுங்கு குலைந்த பிறகு என்ன என்பது வேறு வழக்கு.

முக்கோணப் பின்னலில் ஸ்பின்கள் 120 பாகை விலகி நிற்கும். மூன்று பிணைப்புகள், ஒவ்வொன்றும் 0.125, மொத்தம் 0.375. சமநிலை! ஆண்டர்சன் 1973-ல் இந்தப் பின்னலைத் தேர்ந்தெடுத்தது காரணமில்லாமல் இல்லை. பிற்காலக் கணக்கீடுகளில் 120 பாகை ஒழுங்கே தப்பியது, சுமார் 40 சதவீத வலுவோடு.

அப்புறம் ககோமே. முக்கோணங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் கூடைப் பின்னல். நீல் வகை ஒழுங்குக்கு 0.25தான், ஜோடிகள் தெளிவாக ஜெயிக்கின்றன. ஹெர்பர்ட்ஸ்மித்தைட் என்ற தாமிரக் கனிமத்தில் இடைவினை 200 கெல்வின் அளவில் இருந்தும், 50 மில்லிகெல்வின் வரை குளிர்வித்தும் ஒழுங்கு தோன்றவில்லை. 2012-ல் அதிலும் அகன்ற பட்டை கிடைத்தது. துத்தநாக இடங்களில் புகுந்த தாமிர அணுக்கள் தாழ்ந்த ஆற்றலில் குழப்பினாலும், நான் ஜோடிகளின் பக்கம்தான்.

சதுரப் பின்னலில் ஒரு பாக்கி இருக்கிறது. அந்தப் பின்னல் கொண்ட தாமிர ஃபார்மேட் படிகத்தில், குறிப்பிட்ட ஓர் அலைத்திசையில் ஸ்பின் அலையின் ஆற்றல் சுமார் 7 சதவீதம் தாழ்ந்து, குறியும் மங்கிப் பரவுகிறது. எளிய ஸ்பின் அலைக் கணக்கில் இந்தத் தாழ்வே வராது. 2015-ல் ஒரு குழு இதை ஸ்பினான்களின் தடம் என்று படித்தது. இன்னொரு குழு, ஸ்பின் அலைகள் ஒன்றையொன்று ஈர்ப்பதாலேயே இது வரும் என்று கணக்கிட்டுக் காட்டியது. இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 60 சதவீத ஒழுங்கு நிற்கும் இடத்தில் அலைகளை முதலில் முழுதாகக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவற்றை உடைக்க வேண்டும்.